பட்டாபட்டியும் பட்டை எலாஸ்டிக்கும்

ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டு முடிகிற வேளையில், ஜூஜூவாடியிலிருந்து ஊருக்குள் வரும் நகரப் பேருந்தின் முன்பக்க ஆசனத்தில் அமர்ந்து பயணம் செய்கிறவருக்கு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒருவகை வாசிப்புப் பயிற்சி வாய்த்துவிடுகிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களின் பின்னிருக்கையில், ஓட்டுகிறவன் தோளில் மோவாயை ஊன்றிச் சாய்ந்திருக்கும் யுவர்களின் பனியன் மேலேறி, ஜீன்ஸ் கீழிறங்கி, இரண்டுக்கும் நடுவே பிரசன்னமாகும் ஒன்றரை அங்குல எலாஸ்டிக் பட்டையில், ஆங்கிலக் கொட்டை எழுத்துகளில், கம்பெனியின் பெயர் நெய்யப்பட்டிருக்கிறது. ஒரு மாலை, பஸ் நிலையம் வந்து சேர்வதற்குள் பதினோரு பெயர்களை வாசித்தேன். அவற்றில் நான்கு ஒரே பெயர். ஆனால் அந்த நான்கில் இரண்டுக்கு எழுத்துக்கூட்டல் வேறு.

பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டிருந்த கிழவியும் அதே காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் போலும். "பாவம், அந்தப் புள்ளைக்கி ஒரு பெல்ட்டு வாங்கிக் குடுக்க ஆளில்ல" என்றாள். "அது பாவமில்ல பாட்டி, ஃபேஷன். காசு குடுத்து வாங்கறாங்க" என்றார் நடத்துனர். கிழவி அவரை நம்பியதாகத் தெரியவில்லை.

கிழவியின் பேச்சில் அனுதாபம் இருந்ததே தவிர, சரித்திரப் பிழை இல்லை. இடுப்பிலிருந்து சரியும் கால்சட்டை அமெரிக்கச் சிறைச்சாலைகளில் பிறந்தது என்பதுதான் பரவலாக வழங்கிவரும் விருத்தாந்தம். தூக்கிட்டுக்கொள்ளவும் அடித்துக்கொள்ளவும் பயன்படும் என்று கைதிகளுக்கு அங்கே பெல்ட்டைக் கொடுப்பதில்லை. அளவெடுத்துத் தைக்காத கால்சட்டை ஆகவே நழுவி நிற்கும். விடுதலையாகி வந்தவர்களின் அந்தத் தோற்றத்தை வீதியில் இருந்த இளைஞர்கள் வீறாப்பின் சின்னமாக எடுத்துக்கொள்ள, 1990-களில் ஹிப்-ஹாப் பாடகர்கள் அதை மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றினார்கள். ஆக, பெல்ட்டு இல்லாத குறைதான் மூலம். அது அலங்காரமானது பிற்பாடு.

அவ்வாறு நழுவிய இடத்தில் எதைக் காட்டுவது என்ற பிரச்னைக்கு விடை ஏற்கெனவே தயாராக இருந்தது. டாம் ஹின்ட்னாஸ் என்ற கோலூன்றித் தாண்டும் வீரரை வெறும் வெள்ளை ஜட்டியோடு நிறுத்திப் புரூஸ் வெபர் எடுத்த படத்தைக் கால்வின் கிளைன் கம்பெனி 1982-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிரம்மாண்டமான விளம்பரப் பலகையாக உயர்த்தியது. பஸ் நிறுத்தங்களில் ஒட்டிய அதே படத்தை ஜனங்கள் கண்ணாடியை உடைத்துத் திருடிக்கொண்டு போனார்கள். அதுகாறும் அம்மாக்களும் மனைவிமார்களும் மளிகையோடு மளிகையாக வாங்கிவந்த ஒரு சாமான், அன்றிலிருந்து ஆண்மகன் தானே தேர்ந்தெடுத்து வாங்குகிற ஆபரணமாயிற்று. ஆபரணத்தை மூடிவைத்தால் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்காவில் இதற்கு எதிர்ப்பும் கிளம்பாமல் இல்லை. லூயிசியானா மாகாணத்தில் டெல்காம்பர் என்ற சின்னஞ்சிறு ஊர், உள்ளாடை தெரியக் கால்சட்டை உடுத்தினால் ஆறு மாதம் வரை சிறை என்று 2007-இல் சட்டமே இயற்றியது. சிறையிலிருந்து வந்த உடைக்குச் சிறையே தண்டனை!

இந்த மோகம் இடையில் சில காலம் அடங்கி, இப்போது மறுபடி தலையெடுத்திருக்கிறது. பெண்கள் பக்கத்தில் அதன் வம்சாவளி தனி. 1990-இல் பாடகி மடோனாவுக்காக ழான் பால் கோத்தியே கூம்பு வடிவ மார்க்கச்சையை மேலாடையாகவே வடிவமைத்தார். 2000-களின் துவக்கத்தில் தாழ்ந்த இடுப்பு ஜீன்ஸுக்கு மேலே உள்ளாடையின் விளிம்பு தெரிவது பிரபல நடிகைகளின் வழக்கமாகி, அந்தத் தோற்றத்துக்குத் 'திமிங்கில வால்' என்று பெயர் விழ, அமெரிக்க வட்டார வழக்குச் சங்கம் 2005-இன் மிகக் கற்பனை வளமான சொல்லாக அதைத் தெரிந்தெடுத்தது. பிறகு இடுப்பு மேலே ஏறிற்று; ஒரு தலைமுறைப் பெண்கள் தொப்புளுக்கு மேலே பொத்தான் போட்டார்கள். இத்தாலியின் மியூ மியூ நிறுவனம் 2021 அக்டோபரில் மீண்டும் இடுப்பை இறக்கியது. 2023 மார்ச்சில் கால்சட்டையையே விலக்கிவிட்டு, ஜரிகை வேலை செய்த உள்ளாடையோடு மாடல்கள் சிலரை மேடையில் நடக்கவிட்டது. அந்த மேடை பாரிஸில் இருந்தாலும் அதன் வீடியோ பாகலூர் சாலை டீக்கடையில் நிற்கிற பையனின் கைபேசிக்கு அன்றிரவே வந்துவிடுகிறது. அவன் ஜரிகையை விட்டுவிட்டு எலாஸ்டிக்கை எடுத்துக்கொள்கிறான்.

எலாஸ்டிக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் பிள்ளைப் பருவத்து ஜட்டியில், துணியையே மடித்துத் தைத்த குழாய்க்குள் மெல்லிய ரப்பர் நாடா ஒளிந்திருக்கும்; சலவைக்கல்லில் பத்துத் தடவை அடித்தால் சுருதி இறங்கிவிடும். கம்பெனிப் பெயர் உட்புறத்தில் ஒரு துண்டுச் சீட்டாகத் தொங்கி முதுகை உறுத்தும். கடைக்காரர்கள் இன்றும் இதை 'இன்னர் எலாஸ்டிக்' என்றும், பட்டையே வெளியில் தெரிய நேரடியாகத் தைத்ததை 'அவுட்டர் எலாஸ்டிக்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். அட்டைப் பெட்டியின் ஓரத்தில் அதற்குரிய இரண்டு எழுத்து ஆங்கிலச் சுருக்கமும் இருக்கும். அகலமான பட்டையில் பாவும் ஊடுமாகப் பெயரையே நெய்துவிடும் தறிகள் வந்த பின்னர், உறுத்திக்கொண்டிருந்த சீட்டு ஒழிந்து, உள்ளே இருந்த பெயர் வெளியே குடியேறிற்று. ஆதலால் இன்றைய யுவன் காட்டுவது தன் தேகத்தை அன்று, விலையை. ஓசூர் பஸ் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் குவித்து விற்கும் சரக்கில் இதைப் பிரத்யட்சமாகக் காணலாம். பட்டை மட்டும் தடிமனாக, பளபளப்பாக, எழுத்தெல்லாம் துல்லியமாக இருக்கும். அதற்குக் கீழே வருகிற துணியோ ஊதினால் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற ஒன்றரை அங்குலத்துக்கு மட்டும் செலவு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பெயர்களில் மிகுதியும் தென்படும் ஜாக்கிக்கு நம் வட்டாரத்தோடு ஓர் உறவு உண்டு. அமெரிக்காவில் கூப்பர்ஸ் என்ற கம்பெனியில் இருந்த ஆர்தர் நீப்லர், பிரெஞ்சுக் கடற்கரையில் எவரோ அணிந்திருந்த சிறிய நீச்சலுடையை ஒரு தபால் அட்டைப் படத்தில் கண்டு, அதே வெட்டில் உள்ளாடை ஒன்றை வடிவமைத்தார். 1935 ஜனவரி 19 அன்று, பனிப்புயல் வீசிய சிக்காகோ நகரின் மார்ஷல் ஃபீல்டு கடையில் அது விற்பனைக்கு வந்து, நண்பகலுக்குள் 600 உருப்படிகள் தீர்ந்துபோயின. ஊர் பார்க்க உடுத்தியதைப் பார்த்துத்தான் ஊர் பாராத உடையைத் தைத்தார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அந்தப் பெயருக்கு இந்திய உரிமை பெற்று 1994-இல் தொடங்கிய பேஜ் இண்டஸ்ட்ரீஸ், பெங்களூரில் பொம்மனஹள்ளியை அடுத்து, ஓசூர் ரோட்டை ஒட்டியே தன் ஆலையை அமைத்தது. அத்திப்பள்ளி தாண்டிப் போகும் நம் வண்டிகள் அந்த வழியாகத்தான் நகருக்குள் நுழைகின்றன.

தெற்கே, தமிழகத்து உள்ளாடைத் தலைநகரான திருப்பூரின் கதையும் இதே போல் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே ஊசலாடுவதுதான். 'பனியன்' என்ற சொல்லே ஒரு நாடோடி. குஜராத்தின் 'வாணியா' வணிகர்களைப் போர்த்துக்கீசியரும் ஆங்கிலேயரும் 'பனியன்' என்று அழைத்தார்கள். இந்நாட்டு மாதிரியில் தைத்த தொளதொளப்பான அங்கிக்கும் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்கள் அதை வீட்டில் உடுத்தியதோடு நில்லாமல், அந்தக் கோலத்திலேயே சித்திரக்காரர் முன் அமர்ந்து படமும் எழுதுவித்துக்கொண்டார்கள். அதே சொல் நம்மிடம் திரும்பிவந்தபோது சட்டைக்குள் பதுங்கும் பின்னலாடையாகிவிட்டது. 1920-களில் பின்னல் இயந்திரங்கள் வந்திறங்கிய நாள் முதல் திருப்பூர் இந்த உள்ளுடுப்பைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்து கேட்டது வெள்ளை டி-ஷர்ட். அதாவது சட்டை இல்லாமல், வெளியிலேயே அணியக்கூடிய பனியன். அமெரிக்கக் கடற்படை 1913-இல் மாலுமிகளுக்குச் சீருடையின் உள்ளே போடக் கொடுத்த பனியனை, 1951-இல் ஒரு திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ வெளியே போட்டுக்கொண்டு நடித்ததிலிருந்து உலகம் அதை மேலாடையாக ஏற்றுக்கொண்டிருந்தது. திருப்பூர் உள்ளுடுப்பைத் தைத்தவரை உள்நாட்டு ஊர். அதையே வெளியுடுப்பாக்கியபோது உலக ஊர்.

சிப்காட்டில் 'கேஷுவல்' என்று கூறிக்கொண்டு டி-ஷர்ட்டோடு அலுவலகம் போகும் மேலதிகாரி ஒவ்வொருவரும், என் பாட்டனார் பார்த்திருந்தால், சட்டை போட மறந்துவிட்டு வந்தவர்களே. அவர்களைப் பார்த்து ஒருவரும் இன்று முகம் சுளிப்பதில்லை. முகச்சுளிப்புக்கும் ஆயுள் உண்டு. பிரான்சின் அரசி மரீ அந்துவானெத் மெல்லிய வெள்ளை மஸ்லின் உடையில் இருப்பதாக விஜே லெ பிரன் என்ற ஓவியப் பெண்மணி தீட்டிய படம் 1783-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது, அரசி உள்ளுடுப்போடு போஸ் கொடுத்துவிட்டாள் என்று அமளி எழுந்து, அந்தப் படத்தையே எடுத்துவிட நேர்ந்தது. அதுவும் உடம்பை மூடியிருந்த உடைதான்!

இவையெல்லாம் பிற தேசத்து விவகாரங்கள். நம் பக்கத்தில் உள்ளாடை தெரிவது எந்தக் காலத்தில்தான் செய்தியாக இருந்தது? தேன்கனிக்கோட்டைச் சாலையில் டி.வி.எஸ். மொபெட்டில் தக்காளிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரும் குடியானவர், லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். அதன் கீழே ஒரு சாண் அளவுக்குப் பட்டாபட்டி அண்ட்ராயர் தெரியும். நீலமும் வெள்ளையுமாகவோ, பழுப்பும் பச்சையுமாகவோ நெடுங்கோடுகள். சற்றே பெரிய பை. அந்தப் பையில் பீடிக்கட்டு, மண்டிச் சீட்டு, சுருட்டிய நோட்டு. பணம் கொடுக்க வேண்டுமானால் லுங்கியை இன்னும் சிறிது தூக்கிக் கையை விட்டு எடுப்பார். வாங்குகிறவர் பெண்பிள்ளையாக இருந்தாலும் இருவருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடத்திலும் இதற்குப் பட்டாபட்டிச் சட்டி என்றே பேர். நாற்று நடவும் மூட்டை தூக்கவும் மடித்துக் கட்டியாக வேண்டும். மடித்துக் கட்டினால் உள்ளே இருப்பது தெரியும். தெரியப்போவது கோடு போட்டு லட்சணமாகத்தான் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எவரோ ஆதியில் நினைத்திருக்க வேண்டும். (சொற்களின் போக்கும் விநோதம்தான். 'டிரவுசர்' ஆங்கிலேயனுக்குக் கணுக்கால் வரை நீண்டது. கடல் தாண்டி 'டவுசர்' ஆனதும் முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.)

இன்னும் பின்னோக்கிப் போனால், உள்ளாடை என்ற பாகுபாடே கரைந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களின் பூமி. ஆநிரை மீட்டு மாண்ட வீரன் கையில் ஆயுதமும் இடையில் இறுகிய கச்சையுமாகக் கல்லில் நிற்கிறான். அந்தக் கச்சை உள்ளாடையா, மேலாடையா என்ற கேள்விக்கு அவனிடம் பொருளே இல்லை. மேலே ஒன்று வந்து மூடினால்தானே அடியில் இருப்பதற்கு 'உள்' என்ற பட்டம்? சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், பெருமாளின் இரு புறமும் நிற்கும் தேவியரில் ஸ்ரீதேவிக்கு மார்பில் குசபந்தம் என்ற கச்சு உண்டு, பூதேவிக்கு இல்லை. சிற்ப விற்பன்னர்கள் இருவரையும் அடையாளம் காண்பதே அந்தப் பட்டையைக் கொண்டுதான். அங்கே கச்சு மறைவுப் பொருளாக இல்லை. பெயர்ப்பலகை போல நிற்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேற்சட்டையையும் நீண்ட வேட்டியையும் நீக்கி முழத்துண்டுக்கு மாறியபோது, குடியானவன் வயலில் உடுத்தியிருந்தது எதுவோ அது அரசர் மாளிகை வரை சென்றது. பிரிட்டிஷ் கனவான்களுக்கு அது அரை நிர்வாணமாகத் தோன்றிற்று. மதுரை ஜில்லாக் குடியானவனுக்கு அது வேலைநாள் உடுப்பு.

வெள்ளைச் சட்டை அரசியல்வாதிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பனியன் முழுவதும் தெரியும் அளவுக்கு மெல்லிய துணியில் சட்டை தைத்து, பையில் தலைவியின் படத்தை வெளிமுகமாகச் செருகி, அது துணிக்கு ஊடாகத் துலங்கும்படி சபையில் அமர்ந்திருந்த மந்திரிமார்களை நாம் ஆண்டுக்கணக்கில் பார்த்தோம். உள்ளே இருக்கும் பெயர் ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற விஷயத்தில், அவர்களுக்கும் மோட்டார் சைக்கிள் பையனுக்கும் கொள்கை வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஸ்திரீகளின் விஷயத்துக்கு வந்தால் இந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடுகிறது. ஆணின் பட்டை தெரிந்தால் ஃபேஷன் என்கிற அதே வாய், பெண்ணின் தோளில் பட்டை தெரிந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. ரவிக்கையின் தோள் தையலுக்கு அடியில் ஒரு சிறு நாடாவை வைத்துத் தைத்து, அதன் முனையில் டிச் பட்டன் பொருத்தி, உள்பட்டை நழுவாமல் பூட்டிவைக்கும் உபாயத்தை நம் தாய்மார்களும் தையற்காரர்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ஒரு காசு விளம்பரம் இல்லாமல் தமிழ்நாடெங்கும் பரவிய நூதனம் அது. பள்ளிக்கூடத்தில், பாவாடையின் கீழ் உள்பாவாடை நீண்டு தெரிந்தால் "சண்டே மண்டேயவிட நீளம்டி" என்று தோழி காதோடு சொல்வாள். பையன்களுக்கு விளங்கக் கூடாதாம். துணி காயப்போடும் கொடியிலும் இதே சம்பிரதாயம்தான்: ஆணின் ஜட்டி நடுக்கொடியில் வெயில் காயும், பெண்ணின் உள்ளாடை துண்டுக்கு அடியில், ஈரம் போகாமல், ஒளிந்து உலரும். தொழிற்சாலை வேலைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்து ஓசூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள் சிலரிடம் பேசியபோது, ஒருத்தி, "மொட்டைமாடில பசங்க பக்கம், பொண்ணுங்க பக்கம்னு கொடியே பிரிச்சுக் கட்டியிருக்காங்க சார். எங்க பக்கத்துல வெயிலே வராது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. வெயில் படாமல் ஈரமாகவே உடுத்தும் துணியால் தோலில் வருகிற படையும் அரிப்பும் எத்தனை என்று எந்தச் சரும வைத்தியரும் சொல்லுவார்.

மறைக்க வேண்டியது என்று பிறர் தீர்மானித்ததையே கையில் எடுத்து எதிர்ப்பின் பதாகையாக்கிய சம்பவமும் நம் அண்டை மாநிலத்தில் நடந்திருக்கிறது. 2009 ஜனவரியில் மங்களூரின் மதுக்கூடம் ஒன்றில் இருந்த பெண்களை ஸ்ரீராம் சேனை என்ற அமைப்பினர் அடித்துத் துரத்தினார்கள். அதற்கு மறுமொழியாக, காதலர் தினத்தை ஒட்டி, நாடெங்குமிருந்து பெண்கள் இளஞ்சிவப்பு ஜட்டிகளைப் பொட்டலம் கட்டி அந்த அமைப்பின் தலைவர் பிரமோத் முத்தாலிக்குக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஆயுதமாக அவர்கள் தெரிந்தெடுத்தது மிருதுவான பருத்தி. அடித்தவர்களுக்கு அதைத் தொடவும் கூச்சம், தூக்கிப்போடவும் கூச்சம்.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்கே ஒரு பட்டாபட்டி தைத்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. 'குட்டி சூரத்' என்று வியாபாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பர்கூர் ஜவுளிக் கடைவீதிக்குப் போய், நீலக் கோடு போட்ட துணி இரண்டு மீட்டர் வாங்கினேன். கடைப்பையன், "எத்தனை பேரு காலேஜ் பசங்க வாங்கறாங்க தெரியுமா சார், பாக்ஸர் தைக்கறதுக்கு?" என்றான். பாட்டனின் அண்ட்ராயர் பேரனுக்குப் பாக்ஸர். பாட்டன் லுங்கியைத் தூக்கினால்தான் தெரிந்தது, பேரன் லுங்கியையே விட்டுவிட்டு அதை மட்டும் மாட்டிக்கொண்டு பரோட்டா வாங்கப் போகிறான்.

துணியை எங்கள் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்தேன். நாடா கோர்ப்பதற்கென்றே ஓர் ஊக்கைச் சட்டைக்காலரில் குத்திவைத்திருக்கும் பழைய காலத்து மனிதர். துணியை உதறிப் பார்த்து, கோட்டின் வாகை விரலால் தடவி, அளவு டேப்பை என் இடுப்பில் சுற்றியவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"லுங்கிக்குள்ள போடறதுக்கா சார், வெறும்னே போடறதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்" என்றேன்.

"ரெண்டுக்கும்னு ஒரு அளவு கெடையாது சார். உள்ளன்னா நாடா, தொடையோட நிக்கணும். வெளியன்னா எலாஸ்டிக்கு, முட்டி வரைக்கும் விடணும். ஒண்ணச் சொல்லுங்க" என்று, டேப்பை என் இடுப்பைச் சுற்றியபடியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.